கொள்ளிடத்தில் கிடைத்த எலும்பு: அப்பாவா மகனா என்று டிஎன்ஏ சொல்லாதா?

கொள்ளிடக்கரையான் | நவம்பர் 23, இரவு 9:40

வணக்கம். இங்கே பயிர், தண்ணீர் பற்றித்தான் எழுதிவந்திருக்கிறேன். இன்று வேறு காரியமாக வந்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டார்கள். அணைக்கரைக்குக் கீழே எங்கள் படுகையில் மாடு கட்டிக் கிடந்தது. அவிழ்த்து ஓட்டிவர சித்தப்பாவும் அவர் மகனும் போனார்கள். மாடு நீந்திக் கரையேறிவிட்டது. அவர்கள் இருவரும் திரும்பவில்லை. சித்தப்பாவுக்கு 46 வயது, தம்பிக்கு 23.

ஐந்து வாரம் கழித்து நாணல் திட்டு ஒன்றில் ஒரு காலின் எலும்புகள் மட்டும் கிடைத்தன. வளர்ந்த ஆளுடையது என்பதற்கு மேல் மருத்துவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே உயரம். காவல் நிலையத்தில் என் அப்பாவின் ரத்தத்தை எடுத்து எலும்போடு சோதனைக்கு அனுப்பினார்கள். போன வாரம் அறிக்கை வந்தது. தாய்வழிக் குறியும் ஒத்துப்போகிறது, தந்தைவழிக் குறியும் ஒத்துப்போகிறது, இந்தக் குடும்பத்து ஆண்தான், ஆனால் காணாமல்போன இருவரில் எவர் என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை என்று முடித்திருக்கிறார்கள்.

சித்தி என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "யாருக்குன்னுடா கொள்ளி வைக்கிறது?"

ஒருவர் டிஎன்ஏ இன்னொருவருக்கு வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்பனையும் மகனையும் பிரிக்க முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டை82 | நவம்பர் 23, இரவு 10:05

மனசு கலங்கிப்போச்சு அண்ணா. எனக்குத் தோணுறதைச் சொல்றேன். நம்ம பக்கம் தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளேயே பொண்ணு கொடுத்து எடுக்கிறோம். ரத்தம் ஒண்ணாத்தான் இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்குன்னு செஞ்ச சோதனை நமக்குச் சரிப்படாது.

ஆய்வகத்து மேசை | நவம்பர் 24, காலை 6:15

நான் பன்னிரண்டு வருடம் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இப்போது கும்பகோணத்தில் வீட்டோடு இருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி தம்பி. உங்கள் சித்தி சொந்தமா, அந்நியமா?

கொள்ளிடக்கரையான் | நவம்பர் 24, காலை 7:02

சொந்தம்தான் அக்கா. அப்பாவுக்கு மூத்தவர் என் அத்தை. அந்த அத்தை பெற்ற மகள்தான் சித்தி. தாய்மாமனையே கட்டிக்கொண்டார். பிறப்பில் எனக்கு அத்தை மகள், முறையில் சித்தி. இது எதற்கு?

ஆய்வகத்து மேசை | நவம்பர் 24, காலை 11:30

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சோதனை குழம்பவில்லை தம்பி. கையில் இருந்த மாதிரிக்கு என்ன சொல்ல முடியுமோ அதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்பது செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் சின்ன வளையம். 16,569 எழுத்து. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருப்பதால், தண்ணீரில் ஊறிய எலும்பிலும் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். அந்நியத்தில் கட்டிய வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் இது பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். அதை வைத்தே பிரித்துவிடலாம். உங்கள் வீட்டில் என்ன நடந்தது பாருங்கள். உங்கள் அப்பாயி தன் மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வளையத்தைக் கொடுத்தார். உங்கள் அத்தை அதைத் தன் மகளுக்குக் கொடுத்தார். அந்த மகள் தன் மகனுக்குக் கொடுத்தார். சித்தப்பா, அவர் மகன், உங்கள் அப்பா, சித்தி, எல்லோரிடமும் அப்பாயியின் வளையம்தான். ஒய் குரோமோசோம் எப்படியும் அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போவது. உங்கள் ரத்தத்தை எடுத்தாலும் அதே ஒய்தான். ஆக இரண்டு வழியும் அடைபட்டுப் போயிற்று. (அத்தை மகளைக் கட்டினவர்கள் வீட்டிலும் இதுபோல் ஒன்று உண்டு. அங்கே பேரப்பிள்ளைகளும் அப்பா வழித் தாத்தாவும் ஒரே வளையத்தில் வருவார்கள்.)

மிச்சம் இருப்பது மற்ற 22 ஜோடி குரோமோசோம்கள். அவற்றில் சில இடங்களில் நான்கெழுத்துத் துண்டு ஒன்று விடாமல் திரும்பத் திரும்ப வரும். டிஎச்01 என்று ஓர் இடம். அங்கே ஒருவருக்கு அந்தத் துண்டு 6 தடவை வரும், இன்னொருவருக்கு 9 தடவை வரும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்: ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. இப்படிச் சுமார் 20 இடம் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 13 இடமாக இருந்ததை 2017இல் 20 ஆக்கினார்கள்.

சரி, இதை உங்கள் அப்பாவோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? எலும்பு சித்தப்பாவுடையது என்றால் உடன்பிறப்பு. பொதுவான பங்கு அரை. தம்பியுடையது என்றால் உடன்பிறந்தவர் மகன், அதற்குக் கால். அதோடு நில்லாமல் அக்கா பேரனும்கூட, அதற்கு ஓர் அரைக்கால் (எட்டில் ஒன்று). ஆக காலே அரைக்கால். அரைக்கும் காலே அரைக்காலுக்கும் நடுவே உள்ளது வெறும் அரைக்கால். ஊறிப்போன எலும்பை வைத்துக்கொண்டு அந்த அரைக்காலை அறுதியிட்டுச் சொல்ல எந்த ஆய்வகமும் துணியக்கூடாது.

சித்தியின் ரத்தத்தை ஏன் எடுக்கவில்லை?

கொள்ளிடக்கரையான் | நவம்பர் 24, மதியம் 12:10

அன்று நானும் கூட இருந்தேன் அக்கா. சித்தி ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு, கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ஏட்டு 'மனைவி' என்று எழுதினார். "மனைவிக்கு ரத்த சம்பந்தம் கிடையாது, நீங்க எந்திரிங்கம்மா" என்று சொல்லி அப்பாவை உட்காரவைத்தார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

ஆய்வகத்து மேசை | நவம்பர் 24, மதியம் 12:45

அந்த ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு சொல்லால் இரண்டு மாதம் போயிருக்கிறது. அவர் ஒருவருக்கு மனைவி. காணாமல்போன இன்னொருவருக்குப் பெற்ற தாய்!

மகன் என்றால், ஒவ்வோர் இடத்திலும் சித்தியின் இரண்டு எண்ணில் ஒன்று எலும்பில் இருந்தே தீரும். சித்தப்பா என்றால், தாய்மாமன் என்பதால் பல இடம் சேரும், ஆனால் சில இடங்களில் இரண்டில் ஒன்றுகூடச் சேராது. ஒரே ஓர் இடம் சேராததை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது ஓர் இடத்தில் எண் ஒன்று கூடுவதோ குறைவதோ ஆயிரம் பிறப்பில் ஒன்று முதல் நான்கு வரை நடக்கிற விஷயம். மூன்று நான்கு இடம் சேராவிட்டால் தாயும் மகனும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

சித்தப்பாவுக்கு வேறு பிள்ளை உண்டா? இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். எலும்பு சித்தப்பாவுடையது என்றால் அந்தப் பிள்ளையோடு எல்லா இடமும் சேர வேண்டும். தாய் ஒரு பக்கமிருந்து, பிள்ளை மறுபக்கமிருந்து, இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் மறுபேச்சு இல்லை.

மனு கொடுக்கும்போது வெறுமனே 'மனைவி', 'மகள்' என்று எழுதாதீர்கள். அப்பாயியிலிருந்து தொடங்கி யார் யாரைக் கட்டினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து இணையுங்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்தால்தான் கணக்கை மாற்றிப் போடுவார். நம் ஊரில் முறை கேட்காமல் யாரும் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் படிவத்தில் முறை கேட்க இடமே இல்லை.

குறுவைக்காரர் | நவம்பர் 24, மாலை 6:20

அம்மா, நான் ஆடுதுறைப் பக்கம் விதைநெல் போடுறவன். ஏடிடி 43 நெல்லு வயல்ல கலவனை, அதான் வேற ரகக் கதிரை, எடுத்துட்டா, மிச்சம் உள்ள கதிர் எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா நிக்கும். பட்டுக்கோட்டைத் தம்பி கேட்டதும் அதுதான்னு நினைக்கிறேன். உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிட்டா மனுசரும் அப்படி ஒண்ணாயிட மாட்டாங்களா? அப்புறம் அந்த 20 இடமும் எல்லாருக்கும் ஒரே எண்ணால்ல வரும்?

ஆய்வகத்து மேசை | நவம்பர் 24, இரவு 8:50

ஐயா, நெல் தன் பூவில் தானே சூல் கொள்கிற பயிர். அப்பா, அம்மா கொடுத்த எண்கள் வேறு வேறாக இருக்கும் இடங்களில், ஒரே தலைமுறையில் பாதி ஒன்றாகிவிடும். அடுத்ததில் மிச்சத்தில் பாதி. ஏழெட்டுத் தலைமுறையில் உங்கள் வயல் ஒரே அச்சாக நிற்பது அதனால்தான்.

மனிதரில் மிக நெருங்கிய கட்டு என்று நாம் செய்வது தாய்மாமன்–அக்கா மகள். அவர்கள் பிள்ளைக்கு ஓர் இடத்தில் இரண்டு எண்ணும் ஒரே முன்னோரிடமிருந்தே வந்து சேரும் வாய்ப்பு அரைக்கால். 20 இடத்தில் இரண்டு மூன்று இடம். மாமன் மகள், அத்தை மகள் கட்டினால் மாகாணி (பதினாறில் ஒன்று), 20க்கு ஒன்றே கால். மற்ற இடமெல்லாம் மாறுபட்டபடியேதான் இருக்கும். அதனால் நம் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் நகல் ஆகிவிடுவதில்லை.

ஆனால் நெருக்கம் உண்மைதான். 2013இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் பழைய மக்கள்கூட்டங்கள் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்தன என்றும் பிறகு ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே மணம் செய்யத் தொடங்கிக் கதவைச் சாத்திக்கொண்டது என்றும் காட்டியது. அதன் தடம் மருத்துவத்தில்தான் பெரிதாகத் தெரியும். அடையாளம் காணும் சோதனையில் அது கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான்.

மன்னார்குடி வக்கீல் | நவம்பர் 25, காலை 9:15

'அவ்வளவுதான்' என்று விட முடியாது அம்மா. நீதிமன்றத்தில் 'இத்தனை கோடியில் ஒருவருக்குத்தான் பொருந்தும்' என்று ஓர் எண் வந்து விழும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. முன்பின் தொடர்பில்லாத ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரே தெருவில் பங்காளிகள் நாற்பது பேர் இருக்கும் ஊரில் சந்தேகப்படவேண்டிய அடுத்த ஆளே உடன்பிறந்தவன்தானே? அங்கே அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

இன்னொன்று. பழைய வழக்குகளில் மாதிரி சிதைந்து சில இடங்கள் மட்டுமே கிடைத்து, '10 லட்சத்தில் ஒருவர்' என்று வந்திருந்தால், 'இவர் குற்றவாளி இல்லை என்பதற்கு 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தஞ்சை, திருவாரூர், அன்றைய நாகை மூன்று மாவட்டமும் சேர்ந்து 52 லட்சத்துக்கு மேல். அப்படியானால் இந்த மூன்று மாவட்டத்துக்குள்ளேயே ஐந்து பேருக்குப் பொருந்தலாம். மற்ற சாட்சியம் இல்லாமல் ஐந்தில் ஒருவரை எப்படிப் பிடித்துக் கட்டுவது?

ஆய்வகத்து மேசை | நவம்பர் 25, இரவு 9:30

இது நல்ல கேள்வி சார், நேற்று நான் சுருக்கமாகக் கடந்துவிட்டது தவறு. கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஓர் இடத்தில் ஒருவருக்கு இரண்டு எண். மக்களில் ஒன்று நூற்றுக்குப் பத்து, மற்றொன்று நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 0.04. அதாவது 25 பேரில் ஒருவர். ஐந்து இடமும் இதே அளவு என்றால் 25ஐ ஐந்து தடவை பெருக்க 97,65,625. ஐந்தே இடத்தில் சுமார் 98 லட்சத்தில் ஒருவர். இது தொடர்பில்லாத ஆட்களுக்கு.

இப்போது உடன்பிறந்தவனுக்குப் போடுவோம். அதே இடத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு எண்ணும் ஒன்றாக அமையும் வாய்ப்பு 0.335, மூன்றில் ஒன்று. ஐந்து இடத்துக்கு 237இல் ஒன்று. 98 லட்சம் எங்கே, 237 எங்கே! நீங்கள் அஞ்சுவது நியாயம். ஆனால் 20 இடமும் முழுசாகக் கிடைத்தால் அண்ணன் தம்பிக்கே 300 கோடியில் ஒன்று என்று போய்விடும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை மட்டும் இது பிரிக்காது. ஆபத்து அரைகுறையாகக் கிடைத்த மாதிரியில்தான்.

உள்மணத்துக்கென்று ஒரு திருத்தமும் உண்டு. இரண்டு எண்ணும் ஒன்றாக வந்த இடத்தில், அந்த எண் மக்களில் நூற்றுக்குப் பத்து என்றால், வெறும் பெருக்கலில் 100இல் ஒருவர் என்று வரும். நெருங்கிய கூட்டத்துக்கான திருத்தம் 0.03 சேர்த்தால் 79இல் ஒருவர் ஆகும். அதைச் சேர்த்தாரா என்று சாட்சிக் கூண்டில் நிபுணரைக் கேளுங்கள். உடன்பிறந்தவருக்கான எண்ணைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்பவர்தான் இல்லை.

இந்தச் சோதனை கொலை வழக்குக்குள் நுழைந்ததே ஒரு நிரபராதியை விடுவித்துத்தான். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தார். முதல் கொலை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் அதைச் செய்யவில்லை என்று அது காட்டியது. உண்மையானவர் பிறகுதான் சிக்கினார். நம் நாட்டில் ஹைதராபாத்தின் லால்ஜி சிங் இதற்கு வழி போட்டார். 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் வெடிகுண்டைக் கட்டி வந்தவரை அடையாளம் காட்டியதிலும் அவர் பங்கு உண்டு.

மன்னார்குடி வக்கீல் | நவம்பர் 26, காலை 8:40

நன்றி அம்மா, இந்த 0.335ஐ நான் குறித்துவைத்துக்கொள்கிறேன். கொள்ளிடக்கரையாருக்கு என் பக்கத்துத் தகவல்: 2025 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் மரண தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கைமாறிய ஒவ்வொரு படியும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டது. அது குற்ற வழக்குக்காகச் சொன்னது. இருந்தாலும் உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள், வேலை நடக்கும்.

யார் என்று தெரியாமலே போனால் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டிவரும். ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 111. பட்டா, காப்பீடு எல்லாம் அதில் தொங்கும். ஒருவருக்காவது சான்று கிடைத்தால் பாதிச் சுமை இறங்கும்.

குடந்தை வாசகன் | நவம்பர் 26, மாலை 4:00

ரத்தம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். அதை வைத்து என்ன சாதி, என்ன நோய் என்று எல்லாம் எடுத்துவிடுவார்கள். எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

வெட்டாற்று வாத்தியார் | நவம்பர் 26, இரவு 7:30

பாதி அச்சம் தேவையில்லாதது, பாதி தேவையானது.

முதல் பாதி: இரண்டு மனிதரின் டிஎன்ஏ ஆயிரத்துக்கு 999 எழுத்து ஒன்று. மாறுபடும் அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதி ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடுதான், சுமார் 85 விழுக்காடு என்று 1972லேயே ரிச்சர்ட் லெவன்டின் கணக்குப் போட்டார். அடையாளச் சோதனைக்கு எடுக்கும் இடங்களைத் தேர்ந்ததே அவை எல்லாக் கூட்டத்திலும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான். புரதம் செய்யும் கட்டளை எதுவும் அங்கே எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த 20 எண்ணைப் பார்த்து இவர் இன்ன தெரு என்று யாரும் சொல்ல முடியாது. சோழர் மரபணு என்று விளம்பரம் செய்து காசு கேட்பவர்களையும் இதே காரணத்துக்காக நம்பாதீர்கள்.

இரண்டாம் பாதி: எண்கள் வேறு, ரத்தம் வேறு. ரத்தத்தில் முழு டிஎன்ஏவும் இருக்கிறது. டிஎன்ஏ தகவலை ஒழுங்குபடுத்த 2019இல் மக்களவையில் வந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதனால் எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பது நல்லது.

நாகைக்காரி | நவம்பர் 26, இரவு 11:10

எங்க அக்கா கீச்சாங்குப்பத்துல இருந்தாங்க. 2004 டிசம்பர் 26, சுனாமி. எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. ரெண்டாம் நாளே உடம்பெல்லாம் ஊதி முகம் தெரியல. பெரிய குழியா வெட்டி வரிசையா வச்சு மூடினாங்க. வியாதி வந்துடும்னு அவசரம், அதைத் தப்புன்னு சொல்லல. ஒரு முடியோ ஒரு பல்லோ எடுத்து வச்சிருக்கலாம். அந்தக் கரையில, இலங்கைக் கல்முனையில தப்பிச்ச கைக்குழந்தைக்கு, பேபி 81ன்னு பேர் வச்சாங்களே, அதுக்கு டிஎன்ஏ பார்த்துத்தான் 2005 பிப்ரவரியில அம்மா அப்பாகிட்ட கொடுத்தாங்க. எங்ககிட்ட யாரும் ரத்தம் கேக்கல. எந்தக் குழின்னு தெரியாம வருசா வருசம் கடலைப் பார்த்துப் பூப் போடுறோம்.

குடந்தைத் தம்பி, உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா கொள்ளிடக்கரைத் தம்பி, நீங்க உங்க சித்தியை நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.

கொள்ளிடக்கரையான் | டிசம்பர் 4, இரவு 8:15

போய்விட்டு வந்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள், என் தங்கச்சியும் வந்துவிட்டாள். குடும்ப மரத்தை நானே வரைந்தேன். அப்பாயி பெயரை மேலே எழுதி, அத்தை, அப்பா, சித்தப்பா என்று மூன்று கோடு இறக்கி, அத்தையிலிருந்து இறங்கிய சித்தியைச் சித்தப்பாவோடு மறுபடி கோடு போட்டுச் சேர்த்தபோது, ஏட்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே 'மனைவி' என்பதற்குப் பக்கத்தில் 'அக்காள் மகள்; 2ஆம் நபருக்குத் தாய்' என்று எழுதினார்.

விரலில் குத்தி, தடித்த வெள்ளை அட்டையில் வட்டம் போட்ட இடங்களில் சொட்டுவிட்டார்கள். மழைக்காலம் என்பதால் காய நேரமானது. விசிறியடியில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் காகித உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். பிளாஸ்டிக் உறையை எடுத்தவரை ஏட்டே தடுத்து, ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுவிடும் என்று சொன்னார். முதல் தடவை நடந்ததை எழுதினேன், இதையும் எழுதவேண்டும்.

ஆய்வகத்து மேசை | டிசம்பர் 4, இரவு 9:00

நல்லது. எலும்பில் 20 இடமும் வராது என்று இப்போதே மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள். நம் வெயிலும் ஆற்று ஈரமும் டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக நறுக்கிவிடும். நீளமான இடங்கள் முதலில் அழியும், குட்டையானவை நிற்கும். சேற்றில் கிடந்த எலும்பென்றால் மண்ணின் அமிலமும் கூடவே வந்து, நகலெடுக்கும் வேலையைத் தடுக்கும். மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே உள்ள கெட்டியான பகுதியைப் பொடியாக்கி, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நாளாகும். அவசரப்படுத்தாதீர்கள்.

கொள்ளிடக்கரையான் | பிப்ரவரி 11, காலை 10:20

அறிக்கை வந்துவிட்டது. அக்கா சொன்னபடி 20இல் 17 இடம்தான் கிடைத்தது. சித்தியோடு நான்கு இடத்தில் ஒன்றும் சேரவில்லை. தங்கச்சியோடு 17 இடமும் சேர்ந்தது.

சித்தப்பாதான்.

தங்கச்சி வாசித்துச் சொன்னாள். சித்தி அறிக்கையை வாங்கி, அந்த நான்கு இடம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நேற்று அணைக்கரையில் வைத்துக் காரியம் முடித்தோம். கொள்ளி நான் வைத்தேன்.

தம்பி இன்னும் கிடைக்கவில்லை. சித்தி தன் ரத்த அட்டையையும் எண்களையும் ஆய்வகத்திலேயே வைத்திருக்கச் சொல்லி, என்ன காரணத்துக்கு என்று வாத்தியார் சொன்ன மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொள்ளிடம் கடலில் சேருமிடம் வரை இரு கரையிலும் உள்ள காவல் நிலையங்களுக்கு வக்கீல் சார் எழுதித் தந்த கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு நிலையம் முடிந்தது. பழையாறு, கொடியம்பாளையம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வலையிலோ அலையாத்திக் காட்டிலோ எலும்பு எது தட்டுப்பட்டாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடாமல் பக்கத்து நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.